நாற்பது நிமிடம்

கல்லைத்தான் வாங்கி வந்திருக்கிறாய் என்று
முதல் வாரம் முழுக்க நினைத்தேன்.
மூன்றடித் தொட்டி, முப்பது கிலோ பாறை,
வாடகைக்கு விட்ட அறைபோல் நடுவில் ஒரு பொந்து.
குடியிருப்பவர் வெளியே வருவதில்லை.

"இருக்கு. செவப்பு. பெரிய கண்ணு."
சத்தியம் செய்தாய்.
பாசிர் ரிஸ் கடைக்கார ஆ செங்
பையைக் கறுப்புத் துணியில் சுற்றிக் கொடுத்தானாம்.
நாற்பத்தெட்டு வெள்ளி.
கண்ணில் படாத ஒன்றுக்கு
அதற்கு மேலும் கொடுப்பவர்கள் உண்டு என்று
சாமி மேடையைப் பார்த்துக்கொண்டேன்.

தீவைச் சுற்றிக் கடல்.
செம்பவாங் கரைக்கு நடந்தே போய்விடலாம்.
நாமோ கடலைக்
குளியலறையில் செய்கிறோம்,
கடையில் வாங்கிய உப்பை வாளியில் கரைத்து,
1.025 வரும்வரை
ஒரு கண்ணை மூடிக் குழாய்க்குள் பார்த்து.
ஏன் என்றால் "கப்பல் எண்ணெய்" என்கிறாய்.
சாம்பாருக்கு உப்புப் போட
இந்தக் கவனம் உனக்கு வந்ததே இல்லை.
இருபத்தாறு டிகிரிக்கு மேல் போகக்கூடாதாம்.
மீனுக்குச் சில்லர்.
நமக்குக் காற்றாடி.

பத்தேகாலுக்கு நீ பூட்ஸை மாட்டுவாய்,
கடைசி ரயில் போனபின் தண்டவாளத்தில் இறங்குபவன்.
பதினொன்றுக்கு டைமர் விளக்கை அணைக்கும்.
அதன்பின் அது வேலைக்கு வரும்.
ஆறு மணிக்கு விளக்கு. ஆறேகாலுக்கு நீ.
காசு கொடுத்தவன்
இன்றுவரை வாலை மட்டும் பார்த்திருக்கிறாய்.
டைமரைத் திருப்பி வைத்து
பகலில் துணி போட்டு மூடலாமா என்று கேட்டாய்.
வேண்டாம் என்றேன்.
ஒரு வீட்டில் ஒருவரைத் தலைகீழாக்கினால் போதும்.

பார்த்தவள் நான்.
சீனப் புத்தாண்டில் மகளுக்கு வந்த அங் பாவ் உறையை
டார்ச் முகத்தில் ரப்பர் பேண்டால் கட்டி,
தரையில் அரை மணி நேரம்.
சிவப்பு அதற்குத் தெரியாதாம்,
உடம்பெல்லாம் சிவப்பாக இருந்தும்.
முதலில் கண் வந்தது.
கண்ணுக்குப் பின்னால், கொஞ்சம் தயங்கி, மீன்.
நிகரிலி பெயர் வைத்த கோடுபோட்ட இறால்
எங்கே போனது என்ற கணக்கும் அன்று தீர்ந்தது.
அவளிடம் ஒளிந்திருக்கிறது என்றேன்.
இந்த வீட்டில் நம்பக்கூடிய காரணம்தான்.

போன செவ்வாய், இரண்டேமுக்கால்.
என்னை எழுப்பியது சத்தமல்ல,
சத்தம் நின்றது.
மோட்டார் இல்லை, சில்லர் இல்லை, காற்றாடி இல்லை,
தாழ்வாரத்து விளக்கும் இல்லை.
எதிர்வீட்டு ரொஹானி கதவைத் திறந்து
பிளாக் முழுக்கத்தான் என்றார்.
இந்த ஊரில் கரண்ட் போகும் என்பதையே
மறந்திருந்தோம்.

உனக்கு அழைத்தேன். சுரங்கத்தில் நீ.
மைலோ குவளையை எடுத்து
மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன்,
தண்ணீருக்குள் காற்று இறங்கட்டுமென்று,
தே தாரிக் ஆற்றுபவரைப் போல.
மொண்டு ஊற்றி, மொண்டு ஊற்றி,
நைட்டியெல்லாம் கடல்.
தோள் கடுத்து நிறுத்திய நொடியில்
கேட்டது.

கர். கர்ர்.
அலமாரிக்குள் இருந்து யாரோ
விரல்முட்டியால் தட்டுவதுபோல்.

எட்டு மாதமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.
எட்டு மாதமும் அதை உயிரோடு வைத்திருந்த மோட்டார்தான்
கேட்கவிடாமல் செய்திருக்கிறது.
என்ன சொன்னது, தெரியாது.
நன்றி என்று நினைத்துக்கொள்ளும் அளவுக்கு
நான் தூக்கக் கலக்கத்தில் இல்லை.
குவளையைத் திட்டியிருக்கலாம்.
மறுபடி மொண்டேன். அது மறுபடி சொன்னது.
அப்படியே கொஞ்ச நேரம்
இருவரும்.

மூன்று இருபத்தைந்துக்கு
எல்லாம் ஒரேயடியாக வந்தது:
இரைச்சல், காற்று, ஃபிரிட்ஜின் உறுமல்.

ஆறேகாலுக்கு நீ, முழங்காலில் தண்டவாளக் கறுப்போடு.
"எப்படிக் கத்துச்சு? செஞ்சு காட்டு."
தொண்டையைச் செருமி, அடியிலிருந்து முயன்றேன்.
"அவ்ளோதானா" என்றாய்.
பிறகு, "இன்னொரு தடவ."

செய்தேன்.
நீ பூட்ஸைக் கழற்றாமல்
பொந்தையே பார்த்து நின்றாய்.
எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.